கட்சி தாவல்

கப்பலில் வந்து இறங்கியது டொயோட்டா.
வெள்ளை. ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒழுகாத வயிறு.
ஸ்டான்லி துறைமுகத்தில் கையெழுத்துப் போட்டபோது
குமாஸ்தா கிளெமெண்ட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டான்:
"நீயுமா, ரோவெனா?"

லேண்ட் ரோவர் வீடு எங்களுடையது.
ஃபாக்லாந்தில் அதை மதம் என்று சொல்ல முடியாது,
மதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும்.
எதிரே வருபவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்குவான்.
நாமும் தூக்குவோம்.
அவ்வளவுதான் வழிபாடு.

பெட்ரோல் போடுமிடத்தில், "உன்னுடையதா?"
"தங்கச்சியுடையது" என்றேன்.
தபால் நிலையத்தில், "வாடகைக்கு எடுத்தது."
தேவாலய வாசலில், பாதிரியாரிடமே,
"இன்னும் முடிவு செய்யவில்லை."
சேவல் எதுவும் கூவவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டு வாத்து
தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு
புல்லுக்குத் திரும்பியது.

பழையதைக் குறை சொல்ல வாய் வரவில்லை.
ஹீட்டர் போட்டால் ஒரு கால் வேகும், மறு கால் விறைக்கும்.
வெளியே விட்ட மழை உள்ளே இன்னும் அரைமணி நேரம் பெய்யும்.
ஒரு முழம் கம்பியும் நாலு கெட்ட வார்த்தையும் இருந்தால்
எந்த மேட்டிலும் ரிப்பேர் பார்க்கலாம்.
ஒரு ஜூலை இரவு பீட் சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது.
ரேடியோவில் ஹேமிஷைக் கூப்பிட்டேன்.
"விடிந்ததும் வந்து இழுக்கிறேன்,
பிளாஸ்கில் தேநீர் இருக்கிறதா?" என்றான்.
இருந்தது.
அவன் வரும்வரை ஆறவும் இல்லை.

பிறகு ஏன் என்றால்,
மெர்வினின் முதுகெலும்பு ஒருநாள்
எதிரணிக்கு ஓட்டுப் போட்டுவிட்டது.
டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து,
"எந்த வண்டி ஓட்டுகிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார்.

முழுசாக யாரும் கேட்கவில்லை அதை.
கியர்பாக்ஸ் ஃபாக்ஸ் பேவுக்குப் போனது.
ரேடியேட்டருக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு.
காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தி
கதவைப் பறிகொடுத்த முட்டாள் டோர்க்கில்
எங்கள் பச்சைக் கதவைத் தோளில் சுமந்துகொண்டு போனான்.
போன வாரம் டார்வின் சாலையில்
அது ஒரு நீல வண்டியில் எதிரே வந்தது.
விரல் தூக்குவதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள்
புழுதியாகிவிட்டது.

நேற்றுத்தான் புது வண்டியில்
இருவரும் ஒன்றாகப் போனோம். அவன் ஓட்டினான்.
உள்ளே அப்படி ஓர் அமைதி.
அடுத்த அறையில் யாரோ மொறுமொறுவென்று ரொட்டி கடிப்பதுபோல
சரளைக்கல், எங்கோ, கீழே.

இருபத்தாறு வருடமாக இந்தப் பாதையில்
கத்தித்தான் பேசியிருக்கிறோம்.
"என்ன?" என்பான்.
திரும்பக் கத்துவேன்.
"என்ன?" என்பான்.
எல்லாப் பழியும் எஞ்சினுக்கு.

நேற்று, சமையலறைக் குரலில் சொன்னேன்,
"கேட் திறந்து கிடக்கிறது பார்."
அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"மெர்வின்."
வைப்பர் ஒருமுறை போய்விட்டு வந்தது.
"மெர்வின், கேட். ஆடுகள் கலந்துவிடும்."
மீட்டர் பலகையில் ஒரு சின்ன விளக்கு எரிந்து அணைந்தது,
எதற்கானது என்று இன்னும் எனக்குத் தெரியாது.
அவன் மூக்கால் ஏதோ முனகிக்கொண்டு,
சந்தோஷமாக,
மூன்றாவது கியரில்.

பாவம் அந்த எஞ்சின்.
எத்தனை வருடமோ
ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல்
இவன் காதுகளுக்காக வசவு வாங்கியிருக்கிறது.

கேட்டைத் தாண்டிவிட்டோம்.
பழைய வண்டியில் இழுப்பதுபோல மூச்சை இழுத்து,
பழைய வண்டியில் கத்துவதுபோலவே கத்தினேன்.

பிரேக் போட்டான்.
திரும்பிப் பார்த்தான்.
"ஏன் இப்படிக் கத்துகிறாய்?
இதுதான் சத்தமே இல்லாத வண்டியாயிற்றே."